புள்ளிக்கோழிச் சூப்பு

மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா எனக்கென்ன புள்ள நட்டம். நீ எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரு காது மேல தெரிஞ்சுதான ஆவோணும். நான் அந்தக் காதுக்குப் பேசிக்கறேன். நீ ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். போன மாரியம்மன் நோம்பியில இருந்து ராஜகுமாரியும் மருதாம்பாளும் பேசிக்கறதில்லன்னு ஓவேலி பஸ்ஸு கண்டக்டருக்கே தெரியும். நானும் உங்கூடப் பேச வரல. இந்த ஸ்டூலு காலியாக் கெடந்துச்சு, உக்காந்தேன். வாயி சும்மாக் கெடக்குது, பேசறேன்.

தலகாணிய எதுக்கு இப்போ காது மேல வெக்கற. வெச்சுக்க, வெச்சுக்க. என்ற குரலு தலகாணிக்கெல்லாம் அடங்கற குரலா. இந்த மலையில நின்னு கூப்புட்டா அந்த மலையில இலை பறிக்கறவ திரும்பிப் பாப்பா.

சிஸ்டர் சொல்லிப்போட்டுப் போனது கேட்டுச்சா? பெரிய டாக்டரு ரவுண்ட்ஸு வர்றதுக்குள்ள இந்த ராஜகுமாரியம்மா கட்டில்ல இருந்து எறங்கி, அதோ அந்தக் கடேசி ஜன்னல் வரைக்கும் நடந்திருக்கோணுமாம். ஆபரேசன் முடிஞ்ச மறுநாளே நடந்திருக்கோணுமாம். தொடையில வெச்ச கம்பி நல்லாத் தாங்கும், வாக்கரப் புடிச்சுக்கிட்டுப் பயமில்லாம ஊனுங்கன்னு அந்த டாக்டரம்மா, பிரீத்தி, அது எத்தன தடவ சொல்லியாச்சு. நீ என்னடான்னா கடப்பாறைய முழுங்குனவ மாதிரி நீட்டி நிமுந்து கெடக்கற. சரி, அது உன்ற கட்டிலு.

அந்த டாக்டரம்மா வெடியால எங்கிட்ட வந்து, ஏம்மா, நீங்க அவங்களுக்கு அக்காவா தங்கச்சியான்னு கேக்குது. கோயமுத்தூர்ப் புள்ள, நல்ல மாதிரி. நான் என்னன்னு சொல்றது. ஒறம்பரையும் இல்ல ஒண்ணும் இல்லைங்க, ஒரே எஸ்டேட்டு லயத்துல பக்கத்துப் பக்கத்து ஊடு, நடுவுல ஒரு செவுரு, எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாதுங்கன்னேன். பேசாதவங்களுக்கா இப்படித் துணைக்கு வந்து தரையில படுத்துக் கெடக்கறீங்கன்னு சிரிக்குது. உன்ற மகன் ரமேஷு திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கறான். சரக்குக் கப்பலேத்தற நேரமாம், லீவு குடுக்க மாட்டேங்கறானுங்களாம். மருமக நெற மாசம். வேற யாரு வருவா? நானும் வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். கையில எடுத்த துணிப்பைய எங்க வெக்கறதுன்னு தெரியல, அதனால வந்துட்டேன்.

என்னங்க கனகமணியக்கா? பக்கத்துக் கட்டில்ல இருந்து நீங்களும் கேக்கறீங்களா, கேளுங்க. உங்களுக்குப் பித்தப்பைய எடுத்தது, ஆனா நீங்க நேத்தே வளவியக் குலுக்கிக்கிட்டுப் பாத்ரூமு வரைக்கும் போயிட்டு வந்தீங்க. கடை முதலாளி சம்சாரம், மெத்தையிலயே வளந்தவங்க, நீங்க நடக்கறீங்க. இவ காடு மேடெல்லாம் ஏறி இலை பறிச்சவ, இவ படுத்திருக்கறா.

இவ எப்படி உழுந்தான்னு கேட்டீங்கல்ல. கேளுங்க அந்தக் கூத்த. எங்க லயத்துல பத்து ஊடு. தேயிலை வெல உழுந்து, ஃபேக்டரி மூடுனதும், ஒவ்வொரு ஊடாப் பூட்டிப்போட்டுத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது இவ ஒருத்தி, நான் ஒருத்தி, என்ற நாயி ஒண்ணு, இவளோட புள்ளிக்கோழி ஒண்ணு. நாய்க்குத் துரைன்னு பேரு. அந்தப் பேர வெச்சப்போ எஸ்டேட்டு மேனேஜரு கோவிச்சுக்கிட்டாரு. இப்போ அந்த மேனேஜரும் போயாச்சு. எங்க எஸ்டேட்டுல இன்னைக்கு இருக்கற ஒரே துரை அவந்தான்.

அந்தத் துரைக்கும் புள்ளிக்கோழிக்கும் ஆவாது. அது என்ற ஊட்டு அரிசியக் கொத்த வரும், அவன் தொரத்துவான். நோம்பி அன்னைக்கு அதோட வாலுல ரெண்டு எறகப் புடுங்கிட்டான். அதுக்கு இந்த மகராசி அவன் மேல வெந்நிய ஊத்துனா. நல்லவேள ஆறுன வெந்நி. அன்னைக்கு நின்னது பேச்சு. ஆனா ஒண்ணுங்க, செவுத்தத் தட்டறது மட்டும் நிக்கல. நான் பொழுதோட ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வெச்சாப் போதும், அந்தப் பக்கம் இருந்து கரண்டியால ரெண்டு தட்டு. டொக்கு, டொக்கு. சத்தத்தக் கொறைடின்னு அர்த்தம். பேச மாட்டாளாம், ஆனாத் தட்டுவாளாம்.

பாத்தீங்களா, தலகாணி கொஞ்சம் நகருது. காது கேக்குது அவளுக்கு.

அப்புறம் என்னாச்சுன்னா, மழை பேஞ்சு பேஞ்சு பைப்படியெல்லாம் பாசி. இவ கோழி என்ற வாசலுக்குப் போகுதேன்னு அதத் தொரத்திக்கிட்டு வர்றா. வழுக்குச்சு, மடார்னு உழுந்துட்டா. எந்திரிக்க முடியல. நான் வாசப்படியில மொறத்த வெச்சு அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்கறேன், எட்டி நடந்தாக் கைக்கு எட்டற தூரம். இவ யாரக் கூப்புட்டாங்கறீங்க? வீரம்மா, வீரம்மாங்கறா. வீரம்மா திருப்பூர் போயி வருசமாச்சு. அப்புறம் சின்னம்மைங்கறா. சின்னம்மை மக ஊட்டோட கேரளா போயிட்டா. அப்புறம் தபித்தாளக் கூப்புடறா. தபித்தாளு செத்தே போயிட்டாங்க. செத்தவளக் கூப்புடுவா, கண்ணு முன்னால மொறத்தோட நிக்கற மருதாம்பாளக் கூப்புட மாட்டா.

சிரிக்காதீங்கக்கா, தையலு பிரிஞ்சுக்கும்.

எனக்கும் ரோசம் இருக்குதல்ல. கூப்புடாம நான் எப்படி போறது? துரைதான் ஓடிப் போயி இவ மூஞ்சிய நக்குனான். இவ அதுக்கும் அவனத் திட்டறா. நானு மொறத்தப் புடிச்சபடியே நிக்கறேன், மொறம் சாஞ்சு அரிசியெல்லாம் கீழ. கடேசியில இவ, ஏ நாய்க்காரின்னா. அதுபோதும்னு ஓடிட்டேன். வெளி ஃபேக்டரிக்குப் பச்சை இலை எடுக்க வந்த டக்ளஸோட பிக்கப்ப நிறுத்தி, இலைச் சாக்கு மேல இவளப் படுக்க வெச்சு, கூடலூர் தாண்டி, அத்தன கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டாந்து சேத்தோம். வழியெல்லாம் முன்னால ஓட்டற டக்ளஸுகிட்டக் கத்திக் கத்திப் பேசறா. தல மட்டும் என்ற மடியில.

ஏம்புள்ள, முதுகு எரியுதா? அசையறியே. ஒரே பக்கமாப் படுத்தா எரியத்தான் செய்யும். சித்த இந்தப் பக்கம் திரும்பு. நான் புடிக்கல, நீயே கம்பியப் புடிச்சுத் திரும்பு. அப்படி. மூஞ்சியப் பாக்க வேண்டாம்னா கண்ண மூடிக்க. திரும்பலைன்னா அங்க புண்ணு வந்துரும்னு சிஸ்டர் எங்கிட்டத் தனியாச் சொன்னாங்க.

இந்தக் காலுறையக் கழட்டி எங்க போட்ட? கட்டிலுக்கு அடியில கெடக்குது பாரு. கனகமணியக்கா, இந்தக் கதை உங்களுக்குத் தெரியாதல்ல. எங்க பக்கம் மழை புடிச்சா இலைக்காட்டுக்குள்ள அட்டை. காலு வெச்சா ஏறும். அதுக்கு நாங்க முட்டி வரைக்கும் இறுக்கமா அட்டை சாக்ஸுன்னு போட்டுக்குவோம். மேல சோப்பும் போயலையும் கொழைச்சுத் தடவிக்குவோம். இங்க ஆபரேசன் முடிஞ்சு முழிச்சுப் பாக்கறா, காலுல வெள்ளையா இறுக்கமா சாக்ஸு. இவளுக்கு என்ன தோணுச்சோ, அட்டை இருக்கற ஆஸ்பத்திரின்னு முடிவு பண்ணிட்டா. கூட்டற அம்மாகிட்டப் போயல வாங்கி, குளிக்கற சோப்போட கொழைச்சு, ரெண்டு காலுக்கும் பூசிட்டா. சிஸ்டர் வந்து பாத்தா வெள்ளை சாக்ஸு காப்பிக் கலருல இருக்குது, வார்டு பூரா பீடி வாசம். யாரு உள்ள பீடி குடிச்சதுன்னு எதுத்த வார்டு ஆம்பளைங்களையெல்லாம் நிக்க வெச்சுக் கேட்டாங்க. இவ கண்ண மூடித் தூங்கற மாதிரி படுத்திருந்தா.

அது அட்டைக்கு இல்லீங்க, காலுல ரத்தம் தேங்காம மேல தள்ளி உடறதுக்குன்னு டாக்டரம்மா சொன்னதும், அட்டை இல்லாத ஊருல எனக்கெதுக்கு அட்டை சாக்ஸுன்னு கழட்டி வீசிட்டா. நான் தொவைச்சுக் காய வெச்சுக் கொண்டாந்து வெச்சேன். அதையும் வீசியாச்சு.

அப்புறம் அந்த ஊசிக் கதை. அதத்தான் என்னால மன்னிக்க முடியல. டாக்டரம்மா ரத்தம் உறையாம இருக்கறதுக்கு வயித்துல ஒரு சின்ன ஊசி போடச் சொல்லி எழுதியிருக்குது. சிஸ்டர் வந்து தொப்புளுக்குப் பக்கத்துல தோலப் புடிச்சதும் இவ போட்ட சத்தம் இருக்குதே. நம்ம ஊருல தொப்புளச் சுத்தி ஊசின்னா எதுக்குங்கக்கா போடுவாங்க? நாய்க்கடிக்குத்தான? இவ என்ன நெனச்சுக்கிட்டா, மருதாம்பா ஆஸ்பத்திரியில போயி, என்ற நாயி இவளக் கடிச்சுப்போடுச்சுன்னு சொல்லிட்டான்னு. என்ன எந்த நாயும் கடிக்கல, கடிக்க நான் உட்டிருக்கவும் மாட்டேன், எனக்கு ஊசி வேண்டாம்னு ஒரே அழிச்சாட்டியம். என்ற துரைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? அவன் பொறந்ததுல இருந்து ஒருத்தரக் கடிச்சதில்ல. போஸ்ட்மேனக் கூட மோந்துதான் பாப்பான். உன்ற மூஞ்சிய நக்குனவன் மேல நாய்க்கடிப் பழி.

நீ அப்படிப் பாக்காத. நான் நாய்க்காக மட்டுந்தான் பேசறேன்.

அந்த மூணு பந்து டப்பா எங்க? இந்தா இருக்குது. மூச்சு வாங்கறதுக்குக் குடுத்தது. படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்ச வருமாம், அதுக்கு இது. இவ அந்தக் குழாயில வாய வெச்சு ஊதறாங்கக்கா, பீப்பி ஊதற மாதிரி. கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு முழி பிதுங்குது, பந்து ஒண்ணும் அசையல. டப்பா கெட்டுப்போச்சுங்கன்னு சிஸ்டர்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டா. ஊதறதில்ல புள்ள அது, உறிஞ்சோணும். நீ சுடு டீய உறிஞ்சுவியே, செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கற மாதிரி, அந்த உறிஞ்சு உறிஞ்சுனா மூணு பந்தும் கூரைக்குப் போயிரும். சும்மா ஒருக்கா உறிஞ்சிப் பாரேன். எனக்காக இல்ல, கனகமணியக்கா பாக்கட்டும்.

பாத்தியா. ரெண்டு பந்து. ரெண்டும் மேல போயிருச்சு. எனக்கே ஒண்ணுதான் போச்சு. என்ன, நான் எப்போ பண்ணுனேனா? நீ தூங்கறப்போ சும்மா எடுத்து உறிஞ்சிப் பாத்தேன். தொடைச்சுத்தான் வெச்சேன், மூஞ்சியச் சுளிக்காத.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு சொல்றேன், கேளு. முனியசாமி மேஸ்திரிய நெனப்பிருக்குதா? இருக்காம என்ன, நீயும் நானும்தான ஒப்பாரி வெச்சோம். இடுப்பு முறிஞ்சு, ஆபரேசனெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதான ஊட்டுக்கு வந்தாரு. பொண்டாட்டி மகளெல்லாம் ராசா மாதிரி பாத்துக்கிட்டாங்க. காலு தரையில பட உடல. எல்லாம் கட்டில்லயே. நீயும் நானும் பாக்கப் போயிட்டு, குடுத்து வெச்ச மனுசன்னு பேசிக்கிட்டே வந்தோம். ஒரு நாளு டீ கிளாஸக் கையில வாங்குனாரு, மூச்சு முட்டுதுன்னாரு, நெஞ்சப் புடிச்சாரு, அவ்வளவுதான். டீயோட சூடு ஆறல. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க, நாமளும் ஆமான்னோம். கோழி அறுத்தாங்க, நீயும் நானும் சாப்புட்டோம்.

இதப் போயி நான் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அந்தப் புள்ள முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அம்மா, அது காத்துமில்ல கருப்புமில்ல, அசையாமப் படுத்துக் கெடந்ததுல காலுல ரத்தம் கட்டியிருக்கும், அந்தக் கட்டி பேந்து நெஞ்சுக்குப் போயி அடைச்சிருக்கும்னு சொல்லுச்சு. பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா அப்படித்தான் இருக்கும்னுச்சு. எனக்குப் புரியல. ரத்தம் எப்படிங்க கட்டும்னேன். ஓடிக்கிட்டே இருந்தாக் கட்டாது, நின்னாக் கட்டும்னுச்சு.

அப்போ எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? ஃபேக்டரிக்காரங்க இலை வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு ரோட்டோரத்துல அடுக்கி வெச்சோமே, அந்த இலைச் சாக்கு. ஒருத்தரும் எடுக்கல, ஒருத்தரும் பிரிச்சுக் கொட்டித் திருப்பிப் போடல. மறுநாளு கைய உட்டா உள்ள கொதிக்குது, இலையெல்லாம் செவந்து கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. நீதான அதப் பாத்து அழுத. நானும் அழுதேன், ஆனா நீ சத்தமா அழுத. வெளிய பாத்தா நல்ல சாக்குதான் புள்ள. உள்ளதான் போயிருச்சு.

இப்போ நீ அந்தச் சாக்கு மாதிரி கெடக்கற.

சரி, சரி. உன்மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு ஒண்ணும் நெனச்சுக்காத. எனக்கு என்ற கவலை. முந்தாநேத்து துரைக்குச் சோறு வெக்க ஊட்டுக்குப் போனனல்ல, அப்போ கணக்கெழுதற ரைட்டரு செல்லக்கண்ணு வந்தாரு. எஸ்டேட்டு ஆபீஸ்ல மிச்சம் இருக்கறதும் அவரு ஒருத்தருதான், பொழுது போகாம சுத்தறாரு. அவரு சொல்றாரு, லயத்துல ரெண்டு ஊடாவது இருந்தாத்தான் மோட்டரு போட்டுத் தண்ணி உடுவாங்களாம். ஒரு ஊடுன்னா பைப்ப மூடிருவாங்களாம். நீ போய்ச் சேந்துட்டன்னா நான் ஓடைக்குக் கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையோணும். என்ற முட்டி இருக்கற நெலமைக்கு ஓடை எங்க, நான் எங்க. அதுக்குத்தான் இத்தன பேச்சும். தண்ணிக்கு. வேற ஒண்ணும் இல்ல.

தெரிஞ்சுக்கிட்டியா. சரி, உடு. நடக்காட்டிப் போ. இந்தா, தூக்குல சூப்பு இருக்குது, சுடச்சுட. கோழிச் சூப்பு. மொளகு தூக்கலாப் போட்டு, சீரகம் தட்டிப் போட்டது. ஏன் மூக்கு அப்படி வெடைக்குது? குடிக்கறதுக்குப் பேசோணும்னு இல்ல, வாயத் தொறந்தாப் போதும்.

படுத்துக்கிட்டே குடிச்சாப் பொறை ஏறும். எந்திரிச்சு உக்காரு. மெதுவா. கனகமணியக்கா, சிஸ்டரக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க, சும்மா நிக்கட்டும். அப்படித்தான், கையி ரெண்டயும் ஊனிக்க. காலக் கட்டிலுக்கு வெளிய தொங்கப் போடு, சூப்பு சிந்துனாத் தொடையில படாது. இந்தத் தரை ஐஸு மாதிரி இருக்குது, சாக்ஸப் போட்டு உடறேன். அட்டைக்கு இல்ல, குளுருக்கு. காலக் குடு. நல்லவேள போயல வாசம் போயிருச்சு. தல சுத்துதா? இல்லியா? சரி, குடி.

எப்படி இருக்குது? நாக்கச் சப்புக் கொட்டறியே. இன்னொரு டம்ளரு ஊத்தட்டுமா? ஊத்தறேன். கறி ஒரு துண்டு கெடக்குது பாரு, அதயும் எடுத்துக்க. எலும்ப நல்லாக் கடி, எலும்பு சேரும்.

நல்லாத்தான் இருக்கும். உன்ற புள்ளிக்கோழிதான.

ஆமா. முந்தாநேத்துப் போனப்போ புடிச்சேன். நீதான் இல்லியே, யாரு அதப் பாத்துக்கறது. துரை ஒரு பக்கம் மறிச்சான், நான் ஒரு பக்கம் மறிச்சேன். டக்ளஸுதான் அறுத்துக் குடுத்தான். முத்துன கோழி, வேகறதுக்குள்ள வெறகு பூரா தீந்து போச்சு.

என்ன சொன்ன? சண்டாளியா? பேசிட்டியே. கனகமணியக்கா, கேட்டீங்களா, பேசிட்டா. நோம்பிக்குப் பொறகு மொத மொத வாயத் தொறந்து என்னையச் சண்டாளிங்கறா. இன்னொருக்கா சொல்லு புள்ள, டம்ளரு சத்தத்துல சரியா கேக்கல.

அடிப்பியா? அடி. ஸ்டூல்ல உக்காந்திருந்தாத்தான எட்டும், இந்தா நான் எந்திரிச்சுட்டேன். இப்போ எட்டாது. அங்க இருந்து டம்ளர வீசுனா கனகமணியக்கா மேல படும். அடிக்கோணும்னா எறங்கி வரோணும்.

வாக்கரு அங்கதான் இருக்குது, உன்ற வலது கைக்கு நேரா. சிஸ்டர், புடிக்காதீங்க, பின்னாலேயே வந்தாப் போதும். மொதல்ல வாக்கர முன்னால வை. வெச்சியா? அப்புறம் அந்தக் காலு. அப்புறம் நல்ல காலு. அப்படித்தான். ஐயோ, மொறைக்கற மொறைப்பப் பாரு. முனியசாமி மேஸ்திரி இலை எடை போடறப்போ இதே மொறைப்புத்தான் மொறைப்ப.

ஆமா, அந்த வால் எறகக் கூடத் தூக்கிப் போடல. காது கொடைய வெச்சிருக்கறேன். வா, வந்து புடுங்கிக்க. நான் உன்னையப் பாத்துக்கிட்டே பின்பக்கமா நடக்கறேன், எனக்குக் கண்ணு முதுகுலயா இருக்குது, எங்கயாவது இடிச்சு உழுந்தாலும் உழுவேன், உனக்கு நல்லதுதான. வா. வாக்கர ரொம்ப முன்னால தள்ளாத. மூச்ச உடு, அடக்காத. திட்டிக்கிட்டே வா, திட்டுனாத் தானா மூச்சு வரும்.

கெழவியா? நானா? நீ என்னய உட மூத்தவ.

பாருங்கக்கா, முட்ட போடற கோழியத் தின்னுட்டயேன்னு கேக்கறா. நானா தின்னேன்? ரெண்டு டம்ளரு குடிச்சது யாரு? எலும்பக் கடிச்சது யாரு? இப்படி வா, இந்தக் கட்டிலச் சுத்தி வா, இங்க தண்ணி சிந்தியிருக்குது. அங்க வெக்காத காலு. அந்தக் கட்டில்ல இருக்கற அம்மாளப் பாரு, வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கறாங்க. பாக்கட்டும். ஓவேலிக்காரி எப்படி நடப்பான்னு பாக்கட்டும்.

வலிக்குதா? நில்லு. சித்த நின்னுக்க. அழுவறியா? வலிக்கா, கோழிக்கா? கோழிக்குன்னா அழாத புள்ள. இன்னும் கொஞ்சம் வந்தீன்னா ஒண்ணு சொல்றேன். இங்க வந்து இந்த ஜன்னக் கம்பியப் புடி. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு. ம். புடிச்சியா? இறுக்கிப் புடிச்சுக்க.

இப்போ அடி. கன்னத்துலயே அடி. அடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்க. புள்ளிக்கோழி ஊட்டுலதான் இருக்குது. உசுரோடதான். நேத்து டக்ளஸு போயி இரை போட்டுட்டு வந்து போன் பண்ணுனான், முட்ட கூட வெச்சிருக்குதாம். எங்க வெச்சிருக்குதுன்னு கேளு. துரை படுக்கற சாக்குல. அவன் மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போயிப் படுத்துக்கிட்டானாம். நீ குடிச்சது பிராய்லரு. கனகமணியக்கா ஊட்டுல இருந்து காச்சி வந்தது. வெடியால அந்தக்காகிட்டச் சொல்லி வெச்சதே நாந்தான். நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் வித்தியாசம் தெரியாத நாக்க வெச்சுக்கிட்டு நீ என்னைத் திட்டற.

அடிக்கலியா? கையெடுத்தா உழுந்துருவியா? அப்போ கட்டிலுக்குப் போயி அடி, கடன் இருக்கட்டும். அதோ டாக்டரம்மா வாசல்ல நிக்குது பாரு, வாயெல்லாம் பல்லு. சிஸ்டர், அந்த வயித்து ஊசிய எடுத்து வைங்க, கட்டிலுக்கு வந்ததும் போட்டுக்குவா. நாய்க்கடி ஊசி இல்ல புள்ள, துரை மேல சத்தியம்.

சித்த நேரம் வெளிய பாரு. கேரட்டு மூட்டை ஏத்தறாங்க. என்ன வெயிலு பாரேன், நம்ம பக்கம் இன்னேரம் மழை கொட்டும்.

தண்ணிக்காகத்தான்னு சொன்னதா? ரைட்டரு சொன்னது நெசந்தான். கேட்டுப் பாரு. ஆனா அவரு சொன்னது மத்தியானம். நான் அன்னைக்குச் சாயங்காலமே கடேசி பஸ்ஸப் புடிச்சு இங்க ஓடியாந்தது தண்ணிக்கு இல்ல.

அவரு போனதும் ஊட்டுல உக்காந்தேன். கோழி மேயுது, நாயி படுத்திருக்குது. மிச்ச ஒம்பது ஊடும் பூட்டிக் கெடக்குது. சும்மா ரேடியோவப் போட்டேன். பாட்டு வந்துச்சு. கொஞ்சம் சத்தமா வெச்சேன். ஒண்ணும் இல்ல. இன்னுங்கொஞ்சம் வெச்சேன். இருக்கற சத்தம் பூராவும் வெச்சேன் புள்ள, துரை எந்திரிச்சு வெளிய போயிட்டான். நான் செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறேன். பாட்டு முடிஞ்சு, விளம்பரம் முடிஞ்சு, நியூஸும் வந்துருச்சு. யாரும் தட்டல.

அவ்வளவுதான். ரேடியோவ அணைச்சுட்டுப் பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். சரி, திரும்பு. வாக்கர மெதுவாச் சுத்தி வை. கட்டில் வரைக்கும் போவோணும். பொறகு சாயங்காலம் ஒருக்கா, நாளைக்கு வராந்தா வரைக்கும் ஒருக்கா. நீ திட்டிக்கிட்டே வா, நான் பேசிக்கிட்டே வர்றேன், பாதி தூரம் தெரியாமப் போயிரும்.

என்ன, நடக்காம நிக்கற? எதுக்கு அந்த வாக்கரத் தூக்கித் தூக்கித் தரையில தட்டற? ரெண்டு தட்டு.

சரிடி. சத்தத்தக் கொறைச்சுக்கறேன். நட.